மனோதத்துவ டாக்டர் வரும் த்ரில்லர் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. கீழே சில படங்களின் முடிவு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. 'ஸ்பெல்பவுண்ட்', 'சைக்கோ', 'டிரெஸ்ட் டு கில்', 'ஷட்டர் ஐலண்ட்', 'க்யூர்' ஆகியவற்றை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

சைக்கோ படமும் சைக்கலாஜிக்கல் த்ரில்லரும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. மனம் திரிந்த கொலையாளி வரும் படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. 1978-இல் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' அதற்கு நல்ல உதாரணம். அதில் நாயகனின் சிறுவயதுக் காயம் நமக்குக் காட்டப்படுகிறது. ஆனால் அதை அவன் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் ஆள் என்று கதையின் மையத்தில் யாரும் இல்லை.

இங்கே நாம் பேசப்போவது அந்தக் கேட்கும் ஆள் இருக்கும் படங்களைப் பற்றி. அவர் உளப்பகுப்பாய்வாளராக இருக்கலாம், மனநல மருத்துவராக இருக்கலாம், உளவியலாளராகவும் இருக்கலாம். நிஜ வாழ்க்கையில் இந்த மூவரும் வேறு வேறு. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் சோதனைகள், பேச்சு வழிச் சிகிச்சை என்று வேலை செய்பவர். நோயாளியைப் பேசவைத்து மனதில் புதைந்திருப்பதைத் தேடும், வியன்னா மருத்துவர் ஃப்ராய்ட் வகுத்த முறையில் தனிப் பயிற்சி எடுத்தவர் உளப்பகுப்பாய்வாளர். தானும் ஒருவரிடம் பகுப்பாய்வுக்கு உட்படுவது அந்தப் பயிற்சியில் சேர்த்தி. சினிமா இந்த மூவரையும் ஒரே வெள்ளைக் கோட்டுக்குள் போட்டு 'டாக்டர்' என்று கூப்பிட்டுவிடும்.

இந்த வகைப் படம் எப்போது தொடங்கியது?

ஜெர்மனியில், மௌனப் படக் காலத்தில். 1920-இல் ராபர்ட் வீனே இயக்கிய 'டாக்டர் கலிகாரியின் அறை' வெளிவந்தது. தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலை செய்யும் கலிகாரி, கடைசியில் ஒரு மனநலக் காப்பகத்தின் தலைவர் என்று தெரியவருகிறது. அப்புறம் இன்னொரு திருப்பம்: இந்தக் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தவனே அந்தக் காப்பகத்தில் இருக்கும் நோயாளி. டாக்டர் கொடியவரா, நோயாளியின் பயம் அவரைக் கொடியவராகக் காட்டுகிறதா? நூறு வருடம் கழித்தும் இந்த வகைப் படங்கள் இந்தக் கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து ஃப்ரிட்ஸ் லாங், மனவசியத்தால் மனிதர்களை ஆட்டிவைக்கும் டாக்டர் மபூஸேவைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் உளப்பகுப்பாய்வைச் சிகிச்சையாகவே எடுத்துக்கொண்டு காட்டிய படம் 1926-இல் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் எடுத்த 'ஓர் ஆன்மாவின் ரகசியங்கள்'. நாயகன் ஒரு வேதியியலாளர். பக்கத்து வீட்டில் நடந்த ஒரு கொலைக்குப் பிறகு அவரால் கத்தியைத் தொட முடிவதில்லை. தன் மனைவியையே குத்திவிடுவோமோ என்று நடுங்குகிறார். ஒரு விடுதியில் வீட்டுச் சாவியை மறந்து வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உளப்பகுப்பாய்வாளர் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டுக்குப் போக விரும்பாததற்கு உங்களிடம் ஏதோ காரணம் இருக்கிறது என்கிறார். துப்பறியும் கதையில் தடயம் கிடைக்கும் காட்சியைப் போலவே அது அமைந்திருக்கிறது.

அந்த நோயாளியாக நடித்த வெர்னர் கிராஸ்தான் ஆறு வருடம் முன்பு கலிகாரியாக நடித்தவர். மருத்துவரின் பக்கமும் நோயாளியின் பக்கமும் ஒரே முகம் உட்கார்ந்திருக்கிறது. அதே நடிகர் பின்னால், 1940-இல், நாஜிகளின் யூத வெறுப்புப் பிரசாரப் படத்திலும் நடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் யூதரான ஃப்ராய்ட் வியன்னாவை விட்டு லண்டனுக்கு ஓட வேண்டியிருந்தது.

ஃப்ராய்ட் ஏதாவது படத்துக்கு உதவினாரா?

இல்லை. ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் காதல் கதைகளுக்கு ஆலோசனை சொல்ல அவருக்கு ஒரு லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தார். ஃப்ராய்ட் 1925-இல் மறுத்துவிட்டார். பாப்ஸ்ட் படத்துக்கு ஆலோசகர்களாக இருந்த கார்ல் ஆபிரகாமும் ஹன்ஸ் சாக்ஸும் அவருடைய நெருங்கிய சீடர்கள். அப்படியிருந்தும் அவர் மசியவில்லை. தன் கருத்துகள் அருவமானவை, அவற்றைப் படமாகத் திருப்தியாகக் காட்ட முடியாது என்று ஆபிரகாமுக்கு எழுதினார். ஆபிரகாம் 1925 டிசம்பரில் இறந்துபோனார். அடுத்த மார்ச்சில்தான் படம் பெர்லினில் திரையிடப்பட்டது.

ஃப்ராய்ட் பயந்ததில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படத்தின் கனவுக் காட்சி அபாரமானது, ஒன்றன் மேல் ஒன்றாகப் படம் பதித்து எடுத்தது. ஆனால் கனவு முடிந்ததும், இதற்கு அது அர்த்தம், அதற்கு இது அர்த்தம் என்று பட்டியல் போட்டு விடை கொடுத்துவிடுகிறது.

1940-களில் ஹாலிவுட்டில் இவ்வளவு மனோதத்துவ டாக்டர்கள் திடீரென்று வந்தது ஏன்?

இரண்டு பெரிய காரணங்கள். ஹிட்லருக்குத் தப்பி வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் பலர் அமெரிக்காவில் குடியேறினார்கள். எர்ன்ஸ்ட் சிம்மல், ஓட்டோ ஃபெனிக்கல் போன்ற முக்கியமானவர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் அவர்களைப் போன்றவர்களிடம் சிகிச்சைக்குப் போனார்கள். இரண்டாவது, உலகப் போர். உடம்பில் காயம் இல்லாமல் மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் ஏராளம். இயக்குநர் ஜான் ஹூஸ்டன் அப்படிப்பட்ட வீரர்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் 1946-இல் 'லெட் தேர் பி லைட்' என்ற ஆவணப்படம் எடுத்தார். ராணுவம் அதைப் பொதுமக்களுக்குக் காட்டவிடாமல் முப்பது வருடங்களுக்கு மேல் முடக்கி வைத்திருந்தது. நிஜ வீரர்கள் அழுவதைக் காட்டத் தயங்கிய அதே நாட்டில், கற்பனை நோயாளிகள் வாரம் ஒரு தியேட்டரில் குணமாகிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தரும் விஷயம்.

'ஸ்பெல்பவுண்ட்' படத்தை எல்லோரும் குறிப்பிடுவது ஏன்?

இந்த வகையின் பலம், பலவீனம் இரண்டும் அந்த ஒரே படத்தில் முழுசாக இருக்கின்றன. 1945-இல் வந்தது. ஹிட்ச்காக் இயக்கம், பென் ஹெக்ட் திரைக்கதை. தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக் தானே பகுப்பாய்வுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தன் மருத்துவரான மே ராமையே படத்துக்கு ஆலோசகராகப் போட்டார்.

கதை இதுதான். ஒரு மனநல விடுதிக்குப் புதுத் தலைவராக வருகிறார் கிரகரி பெக். அவர் உண்மையான டாக்டர் இல்லை, தன் பெயரே மறந்துபோன ஒருவர், ஒருவேளை கொலைகாரராகவும் இருக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்கிறார் அங்கே வேலை செய்யும் பகுப்பாய்வாளர் இன்க்ரிட் பெர்க்மன். வெள்ளைத் துணியின் மேல் முள்கரண்டியால் அவர் கோடு கிழிக்க, பெக் நிலைகுலைந்து போகிறார். வெள்ளைப் பரப்பில் இருண்ட கோடுகள் என்றால் அவருக்கு ஏன் அவ்வளவு பயம்? அதைத் தேடிப் போவதுதான் படம்.

கனவுக் காட்சியை வரைந்து கொடுத்தவர் ஓவியர் சால்வடோர் டாலி. ஹிட்ச்காக் அவரைத்தான் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. கனவென்றால் புகைமூட்டமாகக் காட்டும் பழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. நிஜத்தைவிடக் கூர்மையாக, கத்தி விளிம்பு போலத் தெரிய வேண்டும் என்று விரும்பினார். எடுத்ததில் கொஞ்சம்தான் படத்தில் தங்கியது. மிக்லோஷ் ரோஸா தெரமின் என்ற மின்னிசைக் கருவியைப் பயன்படுத்தி அமைத்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கனவுக் காட்சியை அல்ல. பழைய தலைவர் டாக்டர் மர்ச்சிசன், இறந்துபோன அந்த நிஜ டாக்டரைத் தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடும் இடம். அதுவரை தெரியாது என்று சாதித்தவர். அவர் போனபின் அந்த வாக்கியம் பெர்க்மன் காதில் மறுபடி மறுபடி ஒலிக்கிறது. வாய் தவறி வரும் சொல்லில் மறைத்த உண்மை எட்டிப் பார்க்கும் என்பது ஃப்ராய்டின் கருத்து. அதையே ஒரு கொலைவழக்கின் சாவியாக ஆக்கியிருக்கிறார்கள். துப்பறிவாளரும் பகுப்பாய்வாளரும் செய்யும் வேலை எவ்வளவு ஒன்றுபோல இருக்கிறது என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

பலவீனம்? சிறுவயதில் தம்பி இறந்த விபத்து ஞாபகம் வந்ததும் பெக் குணமாகிவிடுகிறார். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அப்படியென்றால் மறந்த நினைவு திரும்பினால் நோய் தீராதா?

ஃப்ராய்டும் ஜோசப் ப்ராயரும் 1895-இல் எழுதிய ஆய்வு நூலில் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். புதைந்த சம்பவத்தை உணர்ச்சியோடு வெளியே சொல்லிவிட்டால் அறிகுறி மறையும் என்றார்கள். பிறகு ஃப்ராய்ட் அதிலிருந்து வெகுதூரம் நகர்ந்தார். ஒரே வேதனையை மனிதன் வேறு வேறு உறவுகளில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறான், அதை மெதுவாக உழைத்துக் கடக்க வேண்டும் என்றார். முழு அளவிலான பகுப்பாய்வு என்றால் வாரத்தில் நாலைந்து நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல், வருடக்கணக்கில். நோயாளி சாய்மஞ்சத்தில் படுத்திருப்பார், பகுப்பாய்வாளர் பார்வையில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் மௌனம்.

இதை எப்படிப் படமாக்குவது? அதனால் சினிமா ப்ராயர் காலத்து நம்பிக்கையிலேயே நின்றுவிட்டது. ஒரு ஃப்ளாஷ்பேக், ஒரு அலறல், குணம். கதைக்கு வசதி. ஆனால் சிகிச்சைக்குப் போகிற ஒருவர் இதை எதிர்பார்த்துப் போனால் மூன்றாவது வாரமே ஏமாந்துபோவார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'சந்திரமுகி', 'அந்நியன்' இந்த வகையில் சேருமா?

தாராளமாக. இரண்டுமே 2005-இல் வந்தவை. 'சந்திரமுகி'யின் வேர் 1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழு'. மது முட்டம் எழுதியது, ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி, தமிழ் பேசுவாள். தமிழில் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். பக்கத்து ஊர்ப் பாஷையில் பேசினால்தான் பயம் கூடுகிறது போலும்.

அந்தக் கதையில் டாக்டர் செய்வது கவனிக்க வேண்டியது. அவர் நோயாளியிடம் வாதாடுவதில்லை. அவள் பழிவாங்க விரும்புகிறாள் என்றால், பழிவாங்கிய திருப்தி அவளுக்குக் கிடைக்கும்படி ஒரு சடங்கையே நாடகமாக நடத்துகிறார். ஆள் இருக்க வேண்டிய இடத்தில் பொம்மையை வைத்துவிடுகிறார். மருத்துவரும் மந்திரவாதியும் கைகோத்து நிற்கிறார்கள். நம் ஊரில் மனநோய்க்கு முதலில் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிற குடும்பங்கள் இன்றும் அநேகம். அந்த நிஜத்தை ஏளனம் செய்யாமல் கதைக்குள் இடம் கொடுத்தது 'மணிச்சித்திரத்தாழு'வின் பெருந்தன்மை. மருத்துவ ரீதியாக அது சரியா என்று கேட்டால், இல்லை. ஒரு நாடகத்தில் இவ்வளவு ஆழமான பிளவு சேர்ந்துவிடாது.

'அந்நியன்' வேறு வழி. மனவசியத்தின் மூலம் அம்பி, ரெமோ, அந்நியன் மூவரும் ஒரே ஆள் என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். சிறுவயதில் தங்கை மின்சாரம் பாய்ந்து இறந்தது அடித்தளம். யாரோ ஒருவருடைய அலட்சியத்தால் வந்த சாவு, அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்ற கோபம். தனிமனிதனின் காயத்தை ஊரின் காயமாக ஆக்கியது அந்தப் படத்தின் பலம்.

பல ஆளுமைக் கோளாறும் ஸ்கிசோஃப்ரினியாவும் ஒன்றா?

ஒன்றே இல்லை. படங்கள் பரப்பிய பெரிய குழப்பம் இது. ஒருவருக்குள் பல ஆட்கள் மாறி மாறி வெளிப்படுவதாகக் காட்டுவது முன்பு பல ஆளுமைக் கோளாறு எனப்பட்டது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதன் பெயரை விலகல் அடையாளக் கோளாறு என்று மாற்றியது. அரிதானது, மருத்துவர்களுக்குள்ளேயே விவாதத்துக்கு உரியது. ஸ்கிசோஃப்ரினியா இதைவிடப் பரவலான நோய். இல்லாத குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, ஆர்வம் வற்றிப்போவது போன்றவை அதன் அறிகுறிகள். மருந்து உண்டு.

இரண்டிலும் கொலைவெறி என்பது அறிகுறி இல்லை. மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைத் தாக்குவதைவிட, அவர்களே அடியும் சுரண்டலும் படுவதுதான் அதிகம்.

டாக்டரே வில்லனாக வருவது ஏன் இத்தனை படங்களில்?

அவரிடம் எல்லா ரகசியமும் இருக்கிறது, அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. பயத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 1947-இல் வந்த 'நைட்மேர் ஆலி'யில் லிலித் என்ற உளவியல் ஆலோசகர் வாடிக்கையாளர்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மோசடிக்குப் பயன்படுத்துகிறாள். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தின் டாக்டர் ஜட், தன்னிடம் வந்த பெண்ணின் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட்டு அவளை முத்தமிடப் போகிறார். அவள் பயந்தது நிஜமாகவே நடக்கிறது, டாக்டர் உயிரை விடுகிறார். எண்பது வருடத்துக்கு முந்தைய படம், ஆனால் நோயாளி சொல்வதை நம்பாத மருத்துவரைப் பற்றி இவ்வளவு கூர்மையாக வேறு படம் பேசவில்லை.

பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்ட் டு கில்' 1980-இல் டாக்டரையே கொலையாளி ஆக்கியது. 1991-இல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் அள்ளியது. அதில் ஹன்னிபல் லெக்டர் நரமாமிசம் தின்பவர் என்பதைவிட என்னை உலுக்குவது, அவர் நல்ல மருத்துவர் என்பது. சிறைக்கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன்னைப் பார்க்க வரும் எஃப்பிஐ பயிற்சி மாணவி கிளாரிஸின் சிறுவயது நினைவை ஒவ்வொரு இழையாக வெளியே எடுக்கிறார். படத்தில் நடக்கும் ஒரே உண்மையான சிகிச்சை அமர்வு அதுதான், நடத்துபவர் கொலைகாரர். இந்த இரண்டு படங்களும் பாலின அடையாளத்தைக் கொலைவெறியோடு முடிச்சுப் போட்டதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. அந்த விமர்சனம் சரியானதே. அவை செய்த கெடுதல் சின்னதில்லை.

'சைக்கோ' முடிவில் டாக்டர் வந்து நீளமாக விளக்குவது தேவையா?

1960-இல் பார்த்தவர்களுக்கு ஒருவேளை தேவைப்பட்டிருக்கும். எனக்கு அது படத்தின் மிகச் சோர்வான பகுதி. ஆனால் உடனே அடுத்த காட்சியில் கொலையாளி நார்மன் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருக்க, இறந்துபோன தாயின் குரல் பேசுகிறது. டாக்டர் சொன்ன விளக்கம் எதையுமே அடக்கவில்லை என்று அந்தக் குரல் காட்டிவிடுகிறது. ஹிட்ச்காக் அதற்காகவேதான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டரும் நோயாளியும் காதலிப்பது நிஜத்தில் ஏற்கப்படுமா?

கண்டிப்பாக இல்லை. சிகிச்சையில் நோயாளிக்கு மருத்துவர் மேல் தீவிரமான ஈர்ப்பு வரலாம் என்று ஃப்ராய்ட் 1915-இல் தனிக் கட்டுரையே எழுதினார். அதைப் புரிந்துகொள்ள உதவ வேண்டும், அதற்கு இணங்கிவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 'ஸ்பெல்பவுண்ட்' அதைக் காதல் வெற்றியாகக் காட்டியது. ஃப்ராய்டின் சகாவாக இருந்த யுங்குக்கும் அவரிடம் சிகிச்சைக்கு வந்து பிறகு தானே பகுப்பாய்வாளரான சபீனா ஸ்பீல்ரைனுக்கும் இருந்த உறவை 2011-இல் க்ரோனன்பெர்க் 'எ டேஞ்சரஸ் மெத்தட்' படத்தில் எடுத்தார். அது த்ரில்லர் இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு எந்த த்ரில்லரையும்விட நேர்மையாகப் பதில் சொல்கிறது.

நோயாளி கொலைத் திட்டத்தைச் சொன்னால் டாக்டர் ரகசியம் காக்க வேண்டுமா?

பல படங்களின் முடிச்சே இதுதான். 1969-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், தான் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொன்னார். வளாகக் காவலர்கள் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை, அவர் கொல்லப்பட்டார். 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்து, இன்னொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்கத் தேவையான அளவு தகவலை மட்டும் வெளியிட விலக்கு தருகிறது.

'ஷட்டர் ஐலண்ட்' காட்டும் மருத்துவம் நிஜமா?

பின்னணி நிஜம். கதை நடப்பது 1954-இல். மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுக்கும் லோபாட்டமி அறுவைக்காக எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். குளோர்ப்ரோமசின் என்ற முதல் மனநோய் மருந்து அமெரிக்காவுக்குள் வந்தது சரியாக 1954-இல். அறுவையா, மாத்திரையா, பேச்சா என்று மருத்துவ உலகமே மூன்றாகப் பிரிந்து நின்ற வருடம் அது. தீவு மருத்துவமனையின் டாக்டர் காவ்லி, தன் நோயாளியின் கற்பனை உலகத்தை ஒரு தீவு முழுக்க நடிக்கவைத்துப் பார்ப்பது நடைமுறையில் நடக்காத காரியம்தான். ஆனால் ஒரு மனிதனைக் கத்தியிலிருந்து காப்பாற்ற அவர் எடுக்கும் கடைசி முயற்சி என்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை பாருங்கள். அவர் முகத்தில் முதல் தடவை சதியாகத் தெரிந்ததெல்லாம் தவிப்பாகத் தெரியும்.

கேட்பவருக்கே ஆபத்து வருகிற மாதிரி நல்ல படம் எது?

கியோஷி குரோசவாவின் 'க்யூர்', 1997, ஜப்பான். டோக்கியோவில் கழுத்தில் எக்ஸ் வடிவ வெட்டோடு பிணங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கொலையையும் வேறு வேறு சாதாரண ஆள் செய்திருக்கிறார், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லோரும் சந்தித்திருப்பது மமியா என்ற, ஞாபகம் தப்பிய, முன்னாள் உளவியல் மாணவனை. போலீஸ் அவனை விசாரித்தால் அவன் திருப்பிக் கேட்கிறான்: நீ யார்? பதவியைச் சொன்னால் மறுபடியும் அதே கேள்வி. ஒரு சிகரெட் லைட்டர் சுடர், கொட்டிய தண்ணீர், அமைதியான குரல், அவ்வளவுதான் அவனுடைய ஆயுதம்.

கேள்வி கேட்பதும் காத்திருப்பதும் ஆளைத் திறக்கும் என்பது சிகிச்சையின் அடிப்படை. அதே கருவியை எடுத்து, குணமாக்கும் எண்ணத்தை மட்டும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று இந்தப் படம் காட்டுகிறது. மனநல மருத்துவர் சக்குமா எச்சரிக்கை செய்கிறார், ஆனாலும் அவரும் தப்பவில்லை. விசாரிக்கும் தக்காபேயின் மனைவிக்கும் மனநோய். வீட்டில் சுமக்கும் அந்தச் சோர்வுதான் அவனுக்குள் மமியா நுழையும் வழி. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் களைப்பை இவ்வளவு நிஜமாகக் காட்டிய த்ரில்லர் நான் வேறு பார்க்கவில்லை.

இந்தப் படங்கள் பார்த்த பிறகு மனசு கலங்கிப்போனால்?

இரண்டொரு நாள் தூக்கம் கெடுவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது படத்தில் பார்த்தது உங்கள் சொந்த அனுபவத்தைக் கிளறிவிட்டால், யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

'ஸ்பெல்பவுண்ட்' முதலில். பிறகு 'கேட் பீப்பிள்', ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 'மணிச்சித்திரத்தாழு', 'சந்திரமுகி' பார்த்தவர்களும் மூலத்தைப் பார்க்கலாம், வித்தியாசம் தெரியும். அப்புறம் 'தி சிக்ஸ்த் சென்ஸ்', 1999. புதுச்சேரியின் மாஹேயில் பிறந்த ஷியாமளன் எடுத்தது. ஒரு குழந்தை சொல்வதை நம்பிக் கேட்கும் டாக்டரின் கதை என்பதால் குடும்பத்தோடு பார்க்க இந்தப் பட்டியலில் ஓரளவு ஏற்றது, ஆனாலும் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். 'ஷட்டர் ஐலண்ட்' அதற்குப் பின். 'க்யூர்' கடைசியில், பகலில் பாருங்கள். மௌனப் படம் பழகியவர்கள் பாப்ஸ்ட்டின் படத்தை 'ஸ்பெல்பவுண்ட்'டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கனவுக் காட்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது தனி சுகம்.